கிராமத்து ஸ்டேஷனில் ரயில் ஏன் நிற்பதில்லை? நெல்லைச் சீமையை முன்வைத்து ஒரு விளக்கம்

திருநெல்வேலியிலிருந்து எந்தப் பக்கம் பாதை பிடித்தாலும் சில கிலோமீட்டருக்கு ஒரு ரயில் நிலையம் வரும். தென்காசி தடத்தில் காருக்குறிச்சி, வீரவநல்லூர், கீழ ஆம்பூர், இரவணசமுத்திரம். திருச்செந்தூர் தடத்தில் செய்துங்கநல்லூர், தாதன்குளம், நாசரேத், குரும்பூர். மதுரை தடத்தில் தாழையூத்து, கங்கைகொண்டான், நாரைக்கிணறு, மணியாச்சி. பாதை அகலமாகிவிட்டது, மின்கம்பி வந்துவிட்டது, புது வண்டிகளும் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு புது எக்ஸ்பிரஸ் அறிவிப்பிலும் நிறுத்தங்களின் பட்டியலைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். "நூறு வருஷத்து ஸ்டேஷன், இங்கே நிக்காம எங்கே நிக்கும்?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் நிலையத்தின் வயதுக்கும் ரயில் நிற்பதற்கும் ரயில்வேயின் கணக்கில் தொடர்பே இல்லை. தொடர்புள்ளவை வேறு. அந்த நிலையத்தில் இரண்டாவது தண்டவாளம் இருக்கிறதா, பொறுப்பில் ஓர் ஆள் இருக்கிறாரா, அந்த ஊரின் பெயரில் எவ்வளவு டிக்கெட் விற்கிறது என்பவை அவை. இவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், இத்தனை கிராமத்தில் நிலையம் எப்படி வந்தது?

தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட பாதை 1876ல் திறந்தது. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் பிரியும் கிளையும் அதே ஆண்டில் வந்தது. திருநெல்வேலியிலிருந்து மேற்கே போகும் பாதை 1902ல் கல்லிடைக்குறிச்சி வரையிலும், 1903ல் செங்கோட்டை வரையிலும் எட்டியது. அங்கிருந்து மலையைக் குடைந்து 1904ல் புனலூரைத் தொட்டது. திருச்செந்தூர் பாதை 1923ல் வந்தது. எல்லாமே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர்கேஜ், எல்லாமே ஒற்றைத் தடம்.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால் நடுவில் எங்காவது ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். நீராவி எஞ்சினுக்கு வழியில் தண்ணீரும் வேண்டும். அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்று என்று நிலையங்கள் அமைந்தன. தாமிரபரணிக் கரையில் ஊர்கள் நெருங்கி நெருங்கி இருந்ததால், நெல்லும் பருத்தியும் ஏற்றும் வசதிக்காகவும் நிலையங்கள் கூடின. பயணிகளின் வசதியோடு வண்டி ஓட்டும் தேவையும் சேர்ந்தே அவற்றை உண்டாக்கியது. இந்த அடித்தளம் புரிந்தால் பிறகு நடந்ததெல்லாம் புரியும்.

ஒரு நிலையத்துக்கு இரண்டு அடையாளங்கள்

ரயில்வே ஒவ்வொரு நிலையத்தையும் இரண்டு தனித்தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

1. இயக்கக் கணக்கு. வண்டிகளுக்கு வழி விடும் அதிகாரம் உள்ள நிலையம் 'பிளாக் ஸ்டேஷன்'. இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பார், சிக்னல் இருக்கும், பெரும்பாலும் மெயின் லைனோடு ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைனும் இருக்கும். அந்த அதிகாரம் இல்லாதது 'ஹால்ட்'. ஹால்ட்டில் பிளாட்பாரம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், ஆனால் ரயில்வே ஊழியர் பொதுவாக இருக்கமாட்டார். உள்ளூர்க்காரர் ஒருவர் கமிஷன் அடிப்படையில் டிக்கெட் கொடுப்பார். அவரைத்தான் ஹால்ட் ஏஜென்ட் என்கிறார்கள். வண்டியை நிறுத்தவோ அனுப்பவோ அவருக்கு உரிமை கிடையாது.

2. வணிகக் கணக்கு. ஆண்டு வருமானத்தையும் பயணிகள் எண்ணிக்கையையும் வைத்துத் தரம் பிரிப்பது இது. 2017ல் வந்த பகுப்பின்படி, புறநகர் அல்லாத நிலையங்கள் என்எஸ்ஜி 1 முதல் 6 வரை, ஹால்ட்டுகள் எச்ஜி 1 முதல் 3 வரை. ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்குள் வருமானமும் பத்து லட்சத்துக்குள் பயணிகளும் இருந்தால் அது என்எஸ்ஜி 6. ஐந்து லட்சம் ரூபாய்க்குள், ஒரு லட்சம் பயணிகளுக்குள் என்றால் அது எச்ஜி 3, கடைசிப் படி. கூரை, குடிநீர், கழிப்பறை, பெஞ்சு என்று எந்த வசதி எவ்வளவு தரப்பட வேண்டும் என்பதற்கு இந்தத் தரமே அளவுகோல்.

ஒரு நிலையம் வணிகக் கணக்கில் ஏழையாக இருந்தும் இயக்கக் கணக்கில் முக்கியமாக இருக்கலாம். அப்படி இருக்கும்வரை வண்டி அங்கே நிற்க ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும்.

கிராசிங்: எல்லாவற்றுக்கும் மூலம்

"கிராசிங்குக்குப் போட்டுட்டான்" என்று வண்டிக்குள் அலுத்துக்கொள்வார்களே, எதிர் வண்டிக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் அந்தக் கிராசிங்தான் கிராமத்து நிலையத்தின் உயிர்.

மீட்டர்கேஜ் நாளில் இது கண்ணால் பார்க்கக்கூடிய காரியமாக இருந்தது. இரண்டு நிலையங்களுக்கும் பொதுவான டோக்கன் கருவி மாஸ்டர் அறையில் இருக்கும். அடுத்த நிலையத்து மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் அந்தப் பெட்டியிலிருந்து ஓர் இரும்புக் குண்டு வெளியே வரும். அதைத் தோல் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் என்ற நிலைய ஊழியர் பிளாட்பார ஓரத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். டிரைவர் பக்கத்து ஆள் ஓடும் வண்டியிலிருந்தே பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதியதைக் கையில் வாங்கிக்கொள்வார். குண்டு கையில் இருக்கும்வரை அந்தப் பாதைத் துண்டு அந்த வண்டிக்கு மட்டுமே சொந்தம். எதிர் வண்டிக்குக் கைகாட்டி இறங்காது. இன்று அதே வேலையை மின்கருவியும் வண்ண விளக்கு சிக்னலும் செய்கின்றன. விதி மாறவில்லை: ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி.

இதன் கணக்கைப் பாருங்கள். அ, ஆ, இ என்று பத்துப் பத்து கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று நிலையங்கள். வண்டியின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர்.

1. மூன்றிலும் லூப் லைன் இருந்தால், அ-விலிருந்து ஒரு வண்டியும் இ-யிலிருந்து ஒரு வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பலாம். பத்து நிமிடத்தில் இரண்டும் ஆ-வில் சந்தித்துக் கடந்துவிடும்.

2. ஆ-வில் லூப் லைனை எடுத்துவிட்டால், அ-விலிருந்து வரும் வண்டி இ-க்கு வந்து சேரும்வரை முழு இருபது நிமிடமும் எதிர் வண்டி இ-யில் காத்துக் கிடக்க வேண்டும்.

3. இதனால் ஒரு நாளில் அந்தத் தடத்தில் விடக்கூடிய வண்டிகளின் எண்ணிக்கையே குறைகிறது. புது பாசஞ்சர் கேட்டால் 'பாதையில் இடமில்லை' என்று பதில் வரும்.

4. இன்னொன்றும் நடக்கிறது. ஆ-வில் இதுவரை கிராசிங்குக்காக நின்ற எக்ஸ்பிரஸ் இனி அங்கே நிற்க வேண்டிய தேவை இல்லை.

மீட்டர்கேஜை அகலப்பாதையாக்கும்போது சிறிய நிலையங்கள் பலவற்றில் நடந்தது இதுதான். திருநெல்வேலி–திருச்செந்தூர் 2008லும், திருநெல்வேலி–தென்காசி 2012லும் அகலப்பாதையாகத் திறந்தன. பணி என்னவோ தேவையானதுதான். மீட்டர்கேஜிலேயே விட்டிருந்தால் இந்தத் தடங்கள் நாட்டின் மற்ற பாதைகளோடு ஒட்டாமல் தனித்துக் கிடந்திருக்கும். ஆனால் அகலப்பாதையில் லூப் லைன் நீளமாக வேண்டும், சிக்னல் வேண்டும், மூன்று ஷிப்டுக்கும் மாஸ்டர் வேண்டும். எல்லாம் செலவு. அதனால் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் கிராசிங் நிலைத்தது. வருமானம் குறைந்த இடங்கள் ஹால்ட் ஆகின. ஊர்க்காரர்கள் புதுப் பிளாட்பாரத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அவர்கள் இழந்தது பக்கத்தில் இருந்த இரண்டாவது தண்டவாளத்தை. அந்த இழப்பு அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மணியாச்சி: ஒரு கிராமம் சந்திப்பான கதை

பாரம்பரியம் என்று பேச்செடுத்தால் இந்தச் சீமையில் மணியாச்சிக்கு நிகரான ரயில் நிலையம் இல்லை. 1986 முதல் அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது என்றாலும், கதை நடந்தபோது எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா.

1911 ஜூன் 17 அன்று காலை, கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். திருநெல்வேலியில் முதல் வகுப்பில் ஏறி மணியாச்சிக்கு வந்தார். அங்கே வண்டி நின்றிருந்தபோது செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடி, அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார். நிலையம் இன்று 'வாஞ்சி மணியாச்சி' என்ற பெயரைத் தாங்குகிறது.

பாடப் புத்தகம் இதோடு நிறுத்திவிடும். ரயில் கண்ணோடு பார்த்தால் இன்னொரு கேள்வி எழுகிறது. ஜில்லாவின் தலைவரே ஏன் ஒரு கரிசல் காட்டுக் கிராமத்து நிலையத்தில் காத்திருக்க வேண்டி வந்தது?

விடை பாதையின் அமைப்பில் இருக்கிறது. அன்று மெயின் லைன் என்பது மதுரை–தூத்துக்குடி. கொழும்புக்குக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து போனது. சென்னையிலிருந்து வந்த 'போட் மெயில்' பயணிகள் அங்கேதான் கப்பல் ஏறினார்கள். ஜில்லாவின் தலைநகரமான திருநெல்வேலி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கிளையின் நுனியில் இருந்தது. வடக்கே போக வேண்டிய யாரும், கலெக்டரே ஆனாலும், கிளை வண்டியில் மணியாச்சிக்கு வந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் மெயிலுக்காகக் காத்திருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பு தவிர்க்க முடியாதது, நேரமும் முன்கூட்டியே தெரிந்தது. வாஞ்சி அந்த இடத்தில் நெருங்க முடிந்ததற்கு ரயில்வே கால அட்டவணையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பிறகு காற்று திசை மாறியது. 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் இலங்கைப் பயணம் தனுஷ்கோடி வழியானது. தூத்துக்குடி போட் மெயிலை இழந்தது. 1981ல் திருநெல்வேலி–நாகர்கோவில் அகலப்பாதை வந்தது. 1990களின் தொடக்கத்தில் மதுரை பக்கமும் அகலமானதும் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேரே வழி கிடைத்தது. கிளையாக இருந்த திருநெல்வேலிப் பாதை முதன்மைத் தடமானது. முதன்மையாக இருந்த தூத்துக்குடிப் பாதை கிளைபோல் ஆனது. அண்மையில் இரட்டைப்பாதையும் வந்துவிட்டது.

இரட்டைப்பாதை வந்தால் கிராசிங் தேவையில்லை. போகும் வண்டிக்கு ஒரு தடம், வரும் வண்டிக்கு ஒரு தடம். வண்டிகள் வேகமாகப் போகும், நேரம் மிச்சமாகும். அதே காரணத்தால் நாரைக்கிணறு, கங்கைகொண்டான் போன்ற இடங்களில் நிற்பதற்கு இருந்த இயக்கக் காரணமும் போகிறது. ஒரே நிகழ்வு நகரத்துக்கு லாபமாகவும் கிராமத்துக்கு நஷ்டமாகவும் ஆவது இப்படித்தான்.

ஸ்ரீவைகுண்டம்: ஆள் இருக்கும் நிலையத்தின் மதிப்பு

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம் அது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே, தாதன்குளம் பக்கம், தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பாதைக்கு ஆபத்து என்ற தகவல் மாஸ்டருக்கு வந்தது. அவர் வண்டியை மேலே விடவில்லை.

ஒரு பகுதிப் பயணிகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்குள் வெள்ளம் சாலையை மறித்துவிட, மற்றவர்கள் நிலையத்திலும் பெட்டிகளிலும் மாட்டிக்கொண்டார்கள். மேலப்புதுக்குடி ஊர்மக்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுக் கோயிலில் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவு வந்தது. 19ஆம் தேதி மீட்கப்பட்டவர்கள் சாலை வழியே வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

வண்டியை நிறுத்தும் அதிகாரமும், தொலைபேசியும், சிக்னலும், பொறுப்பில் ஓர் ஆளும் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தன. அது ஒரு ஹால்ட்டாக இருந்திருந்தால் அங்கே வண்டியைப் பிடித்து வைக்க யாருமில்லை. பிளாக் ஸ்டேஷனை வெறும் சம்பளச் செலவாகப் பார்க்கும் கணக்கில் இந்த மதிப்பு எந்தப் பத்தியிலும் வராது. வர வேண்டும்.

வண்டி எண்ணும் கட்டணமும்

சுருக்கமாக ஒரு விளக்கம், இதிலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஐந்து இலக்க வண்டி எண்ணின் முதல் இலக்கம் வகையைச் சொல்லும். 1, 2 என்றால் நெடுந்தூர வண்டி. 5 என்றால் எஞ்சின் இழுக்கும் பாசஞ்சர், 6 மெமு (தனி எஞ்சின் இல்லாத மின்சார வண்டி), 7 டெமு (அதன் டீசல் வகை). 0 என்றால் சிறப்பு வண்டி. 2020ல் கொரோனாவால் நின்ற பாசஞ்சர்கள் திரும்பி வந்தபோது 0 எண்ணோடு, எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. குறைந்தபட்சம் 10 ரூபாயாக இருந்தது 30 ஆனது. 2024 பிப்ரவரியில் அது மீண்டும் 10 ஆனது. பக்கத்து ஊருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போனவர்கள் அந்த இடைக்காலத்தில் பஸ்ஸுக்கு மாறினார்கள். அந்த ஆண்டுகளில் டிக்கெட் விற்பனை சரிந்திருந்தால் அதை ஊரின் ஆர்வக்குறைவு என்று எடுத்துக்கொள்வது சரியல்ல.

நிறுத்தம் எப்படி முடிவாகிறது?

ஒரு எக்ஸ்பிரஸ் வேகம் குறைத்து, ஒரு நிமிடம் நின்று, மறுபடி வேகம் எடுக்க மொத்தம் நான்கைந்து நிமிடம் போய்விடும். மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். இதற்கு ஈடாக எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று பார்க்கிறார்கள். அந்தப் பகுதியை நிர்வகிக்கும் ரயில்வே கோட்டம் புள்ளிவிவரம் கொடுக்கும், சென்னையிலுள்ள தெற்கு ரயில்வே பரிந்துரைக்கும், எக்ஸ்பிரஸ் நிறுத்தத்துக்கு ஒப்புதல் தருவது டெல்லி ரயில்வே வாரியம். முதலில் பெரும்பாலும் ஆறு மாதம் 'சோதனை அடிப்படையில்' என்று வரும்.

இதில் இரண்டு முட்டுக்கட்டைகள்.

ஒன்று, பிளாட்பாரம். 24 பெட்டி வண்டி அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும். சின்ன நிலையத்துப் பிளாட்பாரம் அதற்குப் போதாது. உயரமும் பல இடங்களில் குறைவு. வயசாளி ஒருவர் தாழ்ந்த பிளாட்பாரத்திலிருந்து கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏற ஒரு நிமிட நிறுத்தம் போதவே போதாது.

இரண்டு, டிக்கெட் கணக்கு. இதுதான் பெரிய சிக்கல். பயணம் தொடங்கும் நிலையத்தின் பெயரில்தான் வருமானம் ஏறும். கீழக்கடையத்துக்காரர் தம் ஊரில் நிற்காத எக்ஸ்பிரஸைப் பிடிக்க அம்பாசமுத்திரத்துக்கோ தென்காசிக்கோ பஸ்ஸில் போவார். டிக்கெட்டும் அந்த ஊரிலிருந்துதான் எடுப்பார். வருமானம் அங்கே சேரும். பிறகு கீழக்கடையத்தின் கணக்கைப் பார்த்து, 'பயணிகள் குறைவு, நிறுத்தம் தேவையில்லை' என்று முடிவெடுத்தால் அது எப்படி நியாயமாகும்? வண்டி நிற்காததால் டிக்கெட் விற்கவில்லை, டிக்கெட் விற்காததால் வண்டி நிற்கவில்லை. இந்தச் சுழலை உடைக்கத்தான் சோதனை நிறுத்தம் என்ற ஏற்பாடே இருக்கிறது.

பழைய கட்டடத்துக்கு என்ன பாதுகாப்பு?

மிகக் குறைவு. நூறாண்டு கடந்தது என்பதாலேயே ஒரு நிலையக் கட்டடம் தானாகப் பாரம்பரியச் சின்னமாகிவிடாது. முறைப்படி பட்டியலில் சேர்த்தால்தான் ஆகும். பிளாட்பாரத்தை உயர்த்தும்போது பழைய கட்டடத்தின் தரை பள்ளமாகிவிடும். மழைத்தண்ணீர் உள்ளே வரும். பிறகு 'பழுதடைந்த கட்டடம்' என்று எழுதி இடிப்பது எளிது. நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் அம்பாசமுத்திரம், தென்காசி, திருச்செந்தூர் போன்ற நிலையங்கள் சேர்ந்திருக்கின்றன. சின்ன ஊர்களுக்கு அந்தப் பணம் வரப்போவதில்லை. பாரதி சிறையிலிருந்து வந்து 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையமும், நாதஸ்வரத்தில் அருணாசலத்தைத் தந்த காருக்குறிச்சியும் தங்கள் நிலையத்தில் அதைச் சொல்லும் ஒரு பலகையாவது கேட்டு வாங்கலாம். அது ரயிலை நிறுத்தாது. ஆனால் வண்டியில் போகிற பிள்ளைகள் அதைப் படிப்பார்கள், அதற்காகவே கேட்க வேண்டும்.

மனுவில் என்ன எழுதுவது?

1. எந்தக் கோட்டம் என்று முதலில் பாருங்கள். தென்காசி, திருச்செந்தூர், மணியாச்சி தடங்கள் மதுரைக் கோட்டம். நாங்குநேரி, வள்ளியூர் திருநெல்வேலி மாவட்டம்தான் என்றாலும் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருகின்றன. தவறான கோட்டத்துக்குப் போன மனு அங்கேயே கிடக்கும். மக்களவை உறுப்பினர் மூலமும், ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு மூலமும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது.

2. 'எல்லா வண்டியும் நிற்க வேண்டும்' என்று எழுதாமல், ஒரே ஒரு வண்டியைக் குறிப்பிடுங்கள். அந்த வண்டிக்காக ஊரிலிருந்து யார் யார், எந்த நிலையம் வரை பஸ்ஸில் போகிறார்கள் என்பதைத் தெரு வாரியாக எழுதிச் சேருங்கள். ரயில்வேயிடம் இல்லாத ஒரே புள்ளிவிவரம் அது.

3. ஒற்றைத் தடமாக இருந்தால் நிறுத்தத்தோடு லூப் லைனையும் கேளுங்கள். அது தடம் முழுவதற்கும் பயன்படுவது. அதனால் பக்கத்து ஊர்களும் சேர்ந்து கையெழுத்துப் போடும்.

4. சோதனை நிறுத்தம் கிடைத்துவிட்டால், அந்த ஆறு மாதமும் டிக்கெட்டை, செல்போனில் எடுத்தாலும், உங்கள் ஊர் நிலையத்தின் பெயரிலிருந்தே எடுங்கள். சீசன் டிக்கெட்டும் அப்படியே. ஆறாம் மாதக் கடைசியில் கோட்ட அலுவலகத்தில் விரிக்கப்படும் தாளில் அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள்.